நெடுவழி நிரைகளும் நினைவு மேடும்

1. முன்னுரை

தமிழ்ப் புறத்திணை இலக்கியம் பயில்வார்க்கு ஆனிரை புதிய பொருள் அன்று. நிரை கவர்தலும், அதனை மீட்டலும், அப்பூசலிற் பட்டார்க்குக் கல் நடுதலும் நம் பழம்பாடல்களிலும் நடுகற்களிலும் நன்கு பதிந்துள்ளன. ஆயினும் அப்பூசல்கள் நிகழ்ந்த காலத்துக் கணக்கேடோ, வழக்குமன்றப் பதிவோ, நாட்செய்தித்தாளோ நமக்குக் கிடைத்தில. பாட்டும் கல்லுமே சான்று. அச்சான்றுகள் நிகழ்ந்ததை எவ்வளவு நிகழ்ந்தவாறே கூறுகின்றன, எவ்வளவு புகழ் நோக்கி மாற்றிக் கூறுகின்றன என்னும் வினாவிற்கு நேர்விடை காண்டல் அரிது.

நினைவும் ஏடும் ஒருங்கே எஞ்சியுள்ள வேறோர் இடத்திற்குச் சென்று பார்ப்பின் இவ்வினாவின் இயல்பேனும் விளங்கும் எனக் கருதினோம். அத்தகைய இடங்களுள் ஒன்று அமெரிக்க ஐக்கிய நாட்டின் கான்சாசு மாநிலத்தில், ஆர்க்கன்சா ஆற்றங்கரையில் உள்ள டாட்ஜ் நகரம். 1876 முதல் 1885 வரை ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் டெக்சாசு மாநிலத்து ஆனிரைகள் வந்து புகைவண்டியேறிய சிறுநகர் இது. அந்நகரின் 'பூட் இல்' என்னும் மேட்டில் 1947-இல் ஒரு காட்சிச்சாலை நிறுவப்பெற்றது. அதனைக் கண்டு வந்தபின் எம் உள்ளத்தெழுந்த கருத்துகளையும், அக்கால நிரைச்செலவு பற்றிய வரலாற்றுச் செய்திகளையும் இக்கட்டுரையில் தொகுத்துரைக்க முயல்கின்றோம்.

2. மேடும் அதன் கல்லறைகளும்

'பூட் இல்' என்பது 'காலணி மேடு' எனப் பொருள்படும். நோயுற்றுப் படுக்கையில் இறவாது, காலணி கழற்றுமுன் சண்டையில் மாண்டோரைப் புதைத்த மேடு என்பது அப்பெயர்க்குக் கூறப்படும் விளக்கம். மேட்டின்மீது மரப்பலகைகள் நடப்பட்டுள்ளன. அவற்றின்கண் இறந்தோரைப் பற்றிய குறிப்புகள் எழுதப்பட்டுள்ளன. யாம் அங்கு நின்ற காலை, அருகில் நின்ற சிறுவன் ஒருவன் தன் தாயை நோக்கி, "இதன் கீழே உண்மையாகவே ஆள் இருக்கின்றாரா?" என வினவினான். தாய் விடை கூறாது நகைத்தனள். ஆராய்ச்சியாளர் எவரும் முதலிற் கேட்க வேண்டிய வினாவினையே அச்சிறுவன் கேட்டான்.

வினாவிற்குரிய விடை வரலாற்றில் உள்ளது. நகரம் தோன்றிய 1872 முதல் 1878 வரை இம்மேட்டில் சிலர் அடக்கம் செய்யப்பட்டனர். அவருட் பலர் பெயரறியா வழிப்போக்கரும் வறியோரும் ஆவர். 1879-இல் அவ்வுடல்கள் அகழ்ந்தெடுக்கப்பட்டு வேறோர் இடுகாட்டிற்குக் கொண்டு செல்லப்பட்டன. பின்னர் மேட்டின்மீது பள்ளிக்கூடம் எழுந்தது. அதன்பின் நகராட்சி மன்றக் கட்டடம் எழுந்தது. 1930-களின் தொடக்கத்தில் அவ்வூர்ப் பல் மருத்துவர் சிம்ப்சன் என்பார், வெளியூரினின்று மாநாட்டிற்கு வந்தோரை மகிழ்விக்கும் பொருட்டுச் சிமிட்டியால் முகங்களும் காலணி முனைகளும் செய்து, புதைந்தோர் மண்ணினின்று வெளித்தோன்றுவார்போல அங்கே பதித்தார். வேடிக்கையாகச் செய்யப்பட்டது அது. ஆயின் காண வந்தோர் கூட்டம் குறையவில்லை. உடல்கள் அகற்றப்பெற்று அரை நூற்றாண்டு கழிந்தபின், இல்லாத கல்லறைகள் அந்நகரின் அடையாளமாயின.

மேட்டின் அடியில் மரக்கடைகளும் மதுக்கூடங்களும் நிறைந்த தெரு ஒன்று காணப்படுகின்றது. 1876-ஆம் ஆண்டின் முன்றெருவை ஒப்ப 1958-இல் கட்டப்பட்ட மறுபடைப்பு அது. காட்சிச்சாலையார் இதனை மறைப்பதும் இல்லை. பழைய மரத்தெருவை 1885-இல் ஏற்பட்ட தீ அழித்தது. அதன்பின் செங்கல்லாற் கட்டப்பெற்ற தெருவும் 1970-இல் நகர்ச் சீரமைப்பின்பொருட்டு இடிக்கப்பட்டது. எனவே உண்மைத் தெருவினும் போலித் தெருவே இன்று வயதில் மூத்து நிற்கின்றது. 1952-இல் வானொலியிலும் 1955 முதல் 1975 வரை தொலைக்காட்சியிலும் ஒலிபரப்பாகிய 'கன்சுமோக்' என்னும் நாடகத்தொடர் டாட்ஜ் நகரைக் களனாகக் கொண்டது. நகரார் 1958-இல் தம் தெரு ஒன்றிற்கு அந்நாடகத்தின் பெயரையே சூட்டினர். ஊர் கதைக்குப் பெயர் தந்த நிலை மாறி, கதை ஊருக்குப் பெயர் தந்தது.

இவற்றைக் கூறுதல் காட்சிச்சாலையைக் குறைகூறும் கருத்தினால் அன்று. அங்கே உண்மைப் பொருள்களும் உள. பழைய படைக்கோட்டையின் சிறைக்கூடமும், அக்காலத்து மாட்டு வணிகச் செல்வர் ஒருவரின் இல்லமும் இடம்பெயர்க்கப்பட்டு அங்கே காக்கப்படுகின்றன. துப்பாக்கிகளும் சேணங்களும் அடுக்கி வைக்கப்பட்டுள்ளன. எம் கருத்தைப் பெரிதும் ஈர்த்தவை இவையல்ல; மாட்டின் உடலில் உரிமையாளர் அடையாளம் பொறிக்கும் சூட்டுக்கோல்களே. துப்பாக்கியின் முன் மக்கள் நெடிது நிற்கின்றனர். சூட்டுக்கோலைக் கடந்து செல்கின்றனர். ஆயின் அந்நகரின் வரலாற்றைச் செய்தது எது என ஆராயின், சூட்டுக்கோலே அதற்கு அணுக்கமானது என்பது புலனாகும்.

3. நெடுவழி தோன்றிய காரணம்

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865-இல் முடிவுற்றது. போர்க்காலத்தில் டெக்சாசு மாநிலத்து நெடுங்கொம்பு மாடுகள் மேய்ப்பாரின்றித் தாமே பெருகியிருந்தன. அங்கு அவற்றை வாங்குவார் இலர். மாடொன்று ஏறக்குறைய 4 டாலருக்கு விற்றது. வடபுல நகரங்களிலோ இறைச்சிக்குத் தட்டுப்பாடு மிக்கிருந்தது. அங்கே அதே மாடு 30 முதல் 40 டாலர் பெற்றது. டெக்சாசினின்று வடக்கே செல்லும் புகைவண்டிப் பாதை அக்காலத்து இல்லை. எனவே பாதை உள்ள இடம்வரை மாடுகளை நடத்திச் செல்வதே வழியாயிற்று. இவ்விலை வேறுபாடே நெடுவழிகளின் தோற்றத்திற்கு முதற்காரணம் ஆகும்.

1867-இல் சோசப் மெக்காய் என்னும் வணிகர் கான்சாசின் அபிலீன் என்னும் சிற்றூரில் மாட்டுத் தொழுவங்களும் தங்குவிடுதியும் அமைத்தார். அவ்வாண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் முதல் மாட்டு வண்டித்தொடர் அங்கிருந்து சிகாகோ நோக்கிப் புறப்பட்டது. முதலாண்டில் ஏறக்குறைய 35,000 மாடுகள் வந்தன. அபிலீனுக்குச் சென்ற வழி 'சிசம் வழி' எனப் பெயர்பெற்றது. செரோக்கி மரபும் காட்லாந்து மரபும் கலந்த வணிகராகிய செசி சிசம் என்பாரின் பெயரால் அது வழங்குகின்றது. அவர் வணிகச்சரக்கு ஏற்றிய வண்டிகளை ஓட்டித் தடம் பதித்தவர். அத்தடத்தில் டெக்சாசு நிரை ஓட்டியவர் அல்லர். அவர் 1868-இலேயே காலமானார். வழியாற் புகழ்பெற்றவர் அவ்வழியின் புகழைக் கண்டாரல்லர்.

நிரைச்செலவின் அமைப்பை ஈண்டு ஒருவாறு கூறுதல் வேண்டும். ஒரு நிரையில் 2,000 முதல் 3,000 மாடுகள் வரை இருக்கும். அதனை நடத்துவோர் பத்துப் பன்னிருவரே. நிரையின் முன்னே இருவர் வழிகாட்டிச் செல்வர். இருமருங்கும் சிலர் காப்பர். பின்னே தளர்ந்த மாடுகளைத் தூண்டி வருவோர், முன்செல்லும் ஆயிரக்கணக்கான குளம்புகள் எழுப்பும் புழுதியெல்லாம் உண்டு வருவர். புதியோர்க்கும் இளையோர்க்கும் இப்பணியே உரியது. மாற்றுக் குதிரைகளை மேய்க்க ஒருவர், உணவு வண்டியுடன் சமையற்காரர் ஒருவர், அனைவர்க்கும் தலைவர் ஒருவர் எனக் குழு அமையும். இவ்வுணவு வண்டியை 1866-இல் அமைத்தவர் சார்லசு குட்நைட் என்னும் பண்ணையார் எனக் கூறுவர். நாளொன்றுக்குப் பத்து முதல் பதினைந்து மைல் நடத்துவர். மிக விரைந்து ஓட்டின் மாடு மெலியும். மெலிந்தால் விலை குறையும். எனவே மேய்ந்துகொண்டே நடக்கவிடுதல்தான் தொழிற்றிறம். இரண்டு மூன்று திங்கள் இவ்வாறு கழியும். கூலி திங்களுக்கு 25 முதல் 40 டாலர். தலைவர்க்கு 100 டாலர் அளவில்.

இரவில் இடியோசை கேட்டு நிரை வெருண்டோடலும், வெள்ளம் பெருகிய ஆறுகளைக் கடத்தலுமே அவர்கள் அஞ்சிய இடர்கள். மாடோட்டியின் பகைவர் துப்பாக்கி ஏந்திய கள்வர் என்பது திரைப்படம் காட்டும் செய்தி. ஏடுகள் காட்டும் பகைகள் மின்னலும் வெள்ளமும் குதிரையினின்று வீழ்தலும் ஆகும்.

4. உண்ணியும் எல்லைக்கோடும்

மாட்டு நகரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றி மறைந்தன. அபிலீனில் 1871-உடன் வணிகம் முடிந்தது. எல்சுவொர்த், நியூட்டன், விச்சிடா என்பன அடுத்தடுத்துச் சில ஆண்டுகள் சிறந்தன. 1876-இல் டாட்ஜ் நகரம் முதன்மை பெற்றது. 1885-இல் அதுவும் ஓய்ந்தது. ஒரே தொழில் ஏன் ஓரிடத்தில் நிலைத்தில்லை? காவலர் வீரத்தால் ஒழுங்கு நிலைபெற்றமையின் மாடோட்டிகள் அகன்றனர் என்பது கதை மரபு. உண்மைக் காரணம் வேறு. அது கண்ணுக்குப் புலனாகாத ஓர் உயிரும், அதனைச் சுமந்த உண்ணியும் ஆகும்.

டெக்சாசு மாடுகள் சென்ற வழியெல்லாம், அவை தாம் நலமுடன் இருக்க, உள்ளூர் மாடுகள் காய்ச்சலுற்று மாண்டன. 1868-இல் டெக்சாசு மாடுகளால் இல்லினாய் முதலிய மாநிலங்களிற் பேரழிவு நேர்ந்தது. காரணம் எவர்க்கும் விளங்கவில்லை. எனினும் விளைவு விளங்கிற்று. கான்சாசுச் சட்டமன்றம் வரைபடத்தில் ஒரு கோடு வகுத்து, அதற்குக் கிழக்கே டெக்சாசு மாடு வருதலாகாது எனத் தடுத்தது. 1867-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அபிலீனே தடுக்கப்பட்ட பகுதிக்குள் இருந்தது; சட்டத்தைப் பாராமுகமாக விட்டமையாற்றான் அந்நகர் செழித்தது. உழவர் குடியேற்றம் மேற்கே பெருகுந்தோறும் அக்கோடும் மேற்கே நகர்ந்தது. மாட்டுச் சந்தையும் அதனுடன் நகர்ந்தது. 1872-இல் அபிலீன் வட்டார உழவர், வரும் பருவத்தில் நிரைகளை வேறிடம் கொண்டு செல்லுமாறு வேண்டி அறிக்கை வெளியிட்டனர். 1876-இல் நகர்ந்த கோடு விச்சிடாவை விலக்கி டாட்ஜ் நகரை வாழ்வித்தது. 1885-இல் கான்சாசு மாநிலம் முழுவதுமே டெக்சாசு மாட்டிற்கு அடைக்கப்பட்டது. ஒரு கோட்டினால் எழுந்த நகரம் அக்கோட்டினாலேயே ஓய்ந்தது. சோசப் கிளிடன் என்பார் 1874-இல் உரிமைப்பதிவு பெற்ற முள்கம்பி, திறந்த புல்வெளியைப் பகுத்து நெடுவழிகளை அடைத்தமையும் துணைக்காரணம் ஆகும்.

நோயின் காரணம் பின்னரே தெளிந்தது. தியோபால்டு சுமித்து, கில்போர்ன் என்னும் அறிஞர் இருவர் 1889-இல் தொடங்கிய ஆய்வின் முடிவை 1893-இல் வெளியிட்டனர். குருதிச் செவ்வணுவினுள் வாழும் நுண்ணுயிரே நோய்க்குக் காரணம் என்றும், மாட்டுண்ணியே அதனைப் பரப்புகின்றது என்றும் அவர்கள் நிறுவினர். பூச்சியினம் போன்ற சிற்றுயிர்கள் நோயைச் சுமந்து பரப்பும் என்பதனை மருத்துவ உலகிற்கு உணர்த்திய முன்னோடி ஆய்வுகளுள் இஃது ஒன்று. நிரைகளை அடைத்த சட்டம் முதலில் வந்தது. அச்சட்டம் சரியானது என்பதற்குரிய அறிவு எட்டாண்டு கழித்து வந்தது.

இவ்விடத்தில் நம் நாட்டோடு ஓர் உண்மைத் தொடர்பு உண்டு. உண்ணிக்கும் வெப்பத்திற்கும் எளிதில் ஈடுகொடுக்கும் திமில் மாடுகளை நாடிய டெக்சாசுப் பண்ணையார், 1906-இல் பியர்சு பண்ணையின் சார்பாக இந்தியாவினின்று மாடுகளைக் கப்பலேற்றிச் சென்றனர். அமெரிக்காவில் 'பிராமன்' என வழங்கும் மாட்டினம், குசராத்து, கீர், கிருட்டிணைப் படுகை, நெல்லூர் ஆகிய இந்திய இனங்களின் கலப்பால் உருவானது. அவ்வின வளர்ப்போர் கழகம் 1924-இல் தோன்றியது. நெல்லூர் அக்காலத்துச் சென்னை மாகாணத்தின்கண் இருந்தமை நாம் அறிந்ததே. உண்ணியை ஒழிக்கும் கூட்டாட்சி அரசின் திட்டமும் அதே 1906-இல் தொடங்கி, 1943-இல் பெரும்பாலும் நிறைவெய்திற்று. மெக்சிகோ எல்லை ஆற்றோரத்தில் மட்டும் தடுப்புப் பகுதி ஒன்று இன்றும் உள்ளது. குதிரையேறிய அரசுக் காவலர் அங்கே உண்ணியுள்ள மாடுகளைத் தேடித் திரிகின்றனர். எல்லைப்புறத்துக் குதிரை வீரர் இன்றும் உளர். ஆயின் அவர் தேடுவது கள்வரை அன்று, உண்ணியை.

5. சொல்லிற் பொதிந்த வரலாறு

மொழி பயில்வோர் காட்சிச்சாலையில் நோக்கத்தக்கது பொருளைவிடப் பொருளின் பெயரே. அங்குள்ள கருவிகளின் பெயர்கள் பெரும்பாலும் ஆங்கில வேரினவல்ல. எறிகயிற்றைக் குறிக்கும் 'லாசோ' என்பது இசுபானியத்தின் 'லாசோ'. 'லாரியட்' என்பது 'லா ரியாத்தா'. தொடையைக் காக்கும் தோலாடையாகிய 'சாப்சு', 'சாப்பரேராசு' என்பதன் குறுக்கம். தொழுவைக் குறிக்கும் 'கொரால்', பண்ணையைக் குறிக்கும் 'ராஞ்சு', மாற்றுக் குதிரைத் தொகுதியைக் குறிக்கும் 'ரெமுடா', காட்டுக்குதிரையைக் குறிக்கும் 'மசுட்டாங்', நிரை வெருண்டோடுதலைக் குறிக்கும் 'சுடாம்பீடு' என்பனவும் இசுபானிய வழியின. 'ரோடியோ' என்பது சூழ்தல் எனப் பொருள்படும் வினையினின்று பிறந்து, மாடுகளைச் சூழ்ந்து திரட்டும் தொழிலைக் குறித்து, இன்று குதிரை விளையாட்டுக்குப் பெயராயிற்று. மாடோட்டியைக் குறிக்கும் 'பக்கரூ' என்பதும் 'வாக்கெரோ' என்னும் இசுபானியச் சொல்லின் திரிபே. 'வாக்கா' என்பது பசு.

இதனால் அறியப்படுவது யாது? குதிரைமேலிருந்து கயிறெறிந்து மாடு பிடிக்கும் தொழில் ஆங்கிலம் பேசுவோர் படைத்தது அன்று. மெக்சிகோ நாட்டு வாக்கெரோக்களிடம் அவர்கள் கற்றது அது. திரைப்படம் மாடோட்டியின் முகத்தை மாற்றியது. கருவிகளின் பெயரை அதனால் மாற்ற இயலவில்லை. கதை மறந்ததைச் சொல் மறவாது காத்தது.

இனி, சூட்டுக்குறியில்லா மாட்டைக் குறிக்கும் 'மாவரிக்கு' என்னும் சொல்லையும் நோக்குவோம். சாமுவேல் மாவரிக்கு என்னும் டெக்சாசுக்காரரின் மாடுகள் குறியிடப்படாது திரிந்தமையின், குறியில்லா மாடனைத்தும் அவர் பெயராற் சுட்டப்பட்டன. இன்று அச்சொல் எக்கட்சியிலும் அடங்காத தனிப்போக்கினரைக் குறிக்கின்றது. உரிமையின்மையைக் குறித்த சொல் உரிமை வேட்கையைக் குறிப்பதாயிற்று. பொருட்பேறு மாறுவதற்கு இதனினும் தெளிந்த சான்று அரிது.

6. நினைவில் இடம்பெறாதோர்

டாட்ஜ் நகரின் முதல் வணிகம் மாடு அன்று. 1865-இல் அமைந்த டாட்ஜ் படைக்கோட்டையின் சுற்றெல்லையில் மது விற்றல் தடுக்கப்பட்டிருந்தது. எனவே 1872-இல் கோட்டைக்கு ஐந்து மைல் அப்பால் கூடாரமிட்டு மது விற்கத் தொடங்கினர்; நகரம் அங்ஙனம் பிறந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் புகைவண்டி வந்ததும் காட்டெருமைத் தோல்கள் மலைபோற் குவிந்தன. சில ஆண்டுகளுள் அச்சுற்றுப்புறத்துக் காட்டெருமைகள் ஏறத்தாழ அற்றன. பின்னர் அவற்றின் எலும்புகளையும் பொறுக்கி உரத்திற்கு விற்றனர். காட்டெருமை அகன்ற புல்வெளியிலேதான் மாடு புகுந்தது. அவ்வெருமையை நம்பி வாழ்ந்த செயென், கொமான்சி, கயோவா முதலிய மக்கள் தம் நிலத்தினின்று பெயர்க்கப்பட்டனர்.

நெடுவழிகள் அவர்தம் நாட்டினூடே சென்றன. செரோக்கி மக்கள் தம் நிலத்தின் வழியே செல்லும் மாட்டிற்குத் தலைக்கு 10 சென்ட்டு வீதம் சுங்கம் விதித்தனர். கதைகள் இதனைக் கொள்ளை எனப் பேசும். ஏடுகளோ நிலமுடையார் பெற்ற வரி எனக் காட்டும். 1878 செப்டம்பரில், தெற்கே அடைக்கப்பட்டிருந்த வடசெயென் மக்கள் முந்நூற்றுக்கு மேற்பட்டோர், பசியும் நோயும் பொறாது, மழுங்குகத்தி, சிற்றோநாய் என்னும் தலைவர் இருவரின்கீழ்த் தம் தாயகம் நோக்கி நடந்தனர். டாட்ஜ் நகருக்கு மேற்கே அவர்கள் ஆற்றைக் கடந்து சென்றனர். செப்டம்பர் 27-ஆம் நாள் நிகழ்ந்த போரில் டாட்ஜ் கோட்டைத் தலைவர் லூயிசு புண்பட்டு இறந்தார். வழியில் குடியேறிகள் பலரும் கொல்லப்பட்டனர். மறு ஆண்டில் செயென் ஆடவர் எழுவர் டாட்ஜ் நகரச் சிறைக்குக் கொணரப்பட்டு, வழக்கு வேற்றூர் மாற்றப்பட்டு, இறுதியில் தள்ளுபடி செய்யப்பட்டது. காவலர் வீரம் பேசும் நூல்களிற் பல, அச்சிறையின் கதவுகள் இவ்வெழுவர்க்கும் திறந்தன என்பதனைக் கூறா.

மாடோட்டிகளுள் நாலில் ஒருவர் அளவினர் கறுப்பின மக்கள் என மதிப்பிடுவர். அவருட் பலர் அடிமைத்தளையினின்று அண்மையில் விடுபட்டோர். மெக்சிகோ மக்களும் பலர் இருந்தனர். நெடுங்காலம் திரைப்படங்களில் இவர்களைக் காண்டல் அரிதாக இருந்தது.

நகரின் குருதிப்புகழையும் ஏடு கொண்டு அளந்துள்ளனர். இராபர்ட்டு டைக்சுட்ரா என்னும் வரலாற்றறிஞர் 1968-இல் வெளியிட்ட ஆய்வில், கான்சாசின் மாட்டு நகரங்கள் ஐந்தினும் 1870 முதல் 1885 வரை நிகழ்ந்த கொலைகள் 45 என எண்ணிக் காட்டினார். திரைப்படத்தில் இத்தொகை சில கிழமைகளில் நிறைவுறும். எனினும் பின்வந்தார் சிலர் இதனை மறுத்து, ஏறக்குறைய 1,000 பேர் வாழ்ந்த ஊரில் சில கொலைகளும் பெருவீதம் ஆகும் என்பர். இரண்டும் கருதத்தக்கனவே. கதை மிகைப்படுத்தியது என்பதனால் உயிரிழப்பு இல்லை என்றாகிவிடாது.

7. நூல்களும் நம்பகமும்

இக்காலத்தைப் பற்றிய நூல்களில் ஒரு முரண் காணப்படுகின்றது. மாடோட்டியாக வாழ்ந்த ஆண்டி ஆடம்சு 1903-இல் வெளியிட்ட 'மாடோட்டியின் நாட்குறிப்பு' என்னும் பொருள்படும் நூல் புனைகதை. அதிற் கூறப்படும் 1882-ஆம் ஆண்டுச் செலவு நிகழ்ந்தது அன்று. ஆயினும் நிரைத்தொழிலின் நுட்பங்களை அந்நூலினும் செவ்விதாகக் கூறுவது அரிது என வரலாற்றறிஞர் பலர் மதிக்கின்றனர். மாறாக, டாட்ஜ் நகரிற் பணியாற்றிய காவலர் வயாட்டு எர்ப்பு என்பாரைப் பற்றி சுடூவர்ட்டு லேக்கு 1931-இல் எழுதிய நூல் வாழ்க்கை வரலாறு எனவே வெளிவந்தது. அதன்கண் புனைவு மிகுதி எனப் பின்னையோர் காட்டியுள்ளனர். புனைகதை மெய்யைக் காத்தது. வரலாறு என்ற பெயர் புனைவைக் காத்தது. எனவே நூலின் வகைப்பெயர் கொண்டு நம்பகத்தை முடிவு செய்தல் தவறாகும்.

பிரடரிக்கு டர்னர் என்னும் வரலாற்றாசிரியர் 1893-இல் சிகாகோவில் படித்த கட்டுரையில், எல்லைப்புறமே அமெரிக்கப் பண்பாட்டை ஆக்கியது என்றார். 1890-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கு, எல்லைக்கோடு என ஒன்று இனி இல்லை என அறிவித்தபின் எழுந்த கொள்கை அது. அவர் எல்லைக்கு இப்பால் நின்று நோக்கினார். அப்பால் வாழ்ந்தோர்க்கு அஃது எல்லை அன்று; நாடு.

8. வெட்சியோடு ஒப்பிடல்

இந்நெடுவழிச் செய்திகளை வெட்சி கரந்தையோடு இணைத்து ஒன்றெனக் கூறுதல் எளிது, ஆயின் பொருந்தாது. தொல்காப்பியர் வெட்சியைக் குறிஞ்சிக்குப் புறனாக வைத்து, நிரை மீட்டலையும் அதனுள் அடக்கினார். புறப்பொருள் வெண்பாமாலை மீட்டலைக் கரந்தை எனத் தனித்திணையாக்கிற்று. இரண்டினும் நிரை என்பது பகைவர் செல்வம். கவர்தல் போரின் தொடக்கம். அமெரிக்க நெடுவழியிலோ நிரை விலைப்பொருள். செலவு சந்தை நோக்கியது. அங்கே மாடோட்டி கூலியாள்.

எனினும் சான்றாய்வு முறையில் கற்கத்தக்கது ஒன்று உண்டு. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-இல் கண்டறியப்பெற்ற தமிழி எழுத்து நடுகல்லில் 'ஆகோள்' என்னும் சொல் உள்ளது. தொல்காப்பியம் துறைப்பெயராக ஆளும் சொல் அது. பாட்டிலக்கணத்தின் சொல் நிலத்திற் கிடைத்த கல்லிலும் இருத்தல், அம்மரபு வெறும் புலவர் கற்பனை அன்று என நிறுவுகின்றது. ஆயினும் அக்கல் தருவது பட்டவன் பெயரும் பூசலின் பெயருமே. அவ்வூரின் மழையும், மேய்ச்சலும், மாட்டு நோயும், கவர்ந்த நிரை எவர் கைப்பட்டது என்பதும் கல்லில் இல்லை. டாட்ஜ் நகரின் ஏடுகள் அழிந்து மேட்டுப் பலகைகள் மட்டுமே எஞ்சியிருப்பின், ஆராய்வோர் அந்நகரை மறவர் ஊர் எனவே கொள்வர். உண்ணியைப் பற்றி ஒருவரும் நினையார். நம் கற்களும் பாடல்களும் வாய்மை உடையன என நாம் நம்பலாம். அவை முழுமை உடையன என நம்பலாகாது. கல் பேசாத பகுதியையும் தேடுவதே நம் கடன்.

9. முடிவுரை

மாட்டு வணிகம் டாட்ஜ் நகரை விட்டு முற்றும் நீங்கவில்லை. இன்று அந்நகரைச் சூழ மாடு கொழுக்க வைக்கும் பட்டிகளும், இறைச்சித் தொழிற்சாலைகளும் உள்ளன. 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்வோர் ஏறக்குறைய 28,000 பேர். அவருட் பாதிக்கு மேற்பட்டோர் இசுபானிய மொழி மரபினர். கயிற்றிற்கும் தொழுவிற்கும் குதிரைக்கும் பெயர் தந்த மொழி, நூற்றைம்பது ஆண்டு கழித்து அதே மாட்டுத் தொழிலின் பொருட்டு அந்நகர்த் தெருக்களில் மீண்டும் ஒலிக்கின்றது.

நகருக்கு மேற்கே ஒன்பது மைல் தொலைவில், சாந்தாபே வணிக வழியில் வண்டிகள் சென்ற தடம் காக்கப்படுகின்றது. 1821 முதல் புகைவண்டி வரும்வரை சரக்கு வண்டிகள் ஓடிய வழி அது, நிரைவழி அன்று. யாம் அங்கும் சென்றோம். காண்பதற்கு ஒன்றும் இல்லை. புல் மூடிய நிலத்தில் அகன்ற பள்ளங்கள் சில மட்டுமே உள. பலகை இல்லை, வீரர் பெயர் இல்லை. ஆயின் அவற்றின் கீழே உண்மையாகவே ஏதேனும் உண்டா என அச்சிறுவன் கேட்டிருப்பின், தாய் நகைக்க வேண்டியிராது. உண்டு என்றே கூறியிருக்கலாம். பெயரறியா மாந்தரும் மாடுகளும் பன்னெடுங்காலம் நடந்து ஆழ்த்திய தடம் அது. வரலாற்றாய்வு தேடவேண்டியது அத்தகைய தடங்களையே என்பது எம் துணிபு.